செவ்வாயும் வெள்ளியும் லீவு

1. இலை குமிந்த நாள்

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்ன அன்றைக்கு, எங்கள் ஃபேக்டரியில் பச்சை இலை இறக்க இடமில்லாமல் வாசல்வரை குமிந்து கிடந்தது. மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்தால் மலையில் இருக்கிற செடியெல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே வாரத்தில் துளிர்த்துத் தொலைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மொதலாளிக்கு போன் போட்டேன்.

"ரெண்டுமேங்களா?" என்றார்.

"ரெண்டுமேதானுங்க."

"அடப்பாவமே. ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதுங்களா?" இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குத் துக்கம் காத்தார். "சரிங்க, சாயங்காலம் வந்துருவீங்கல்ல? இலை சூடேறிக் கெட்டுப் போயிருமுங்க."

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில் நான் டீ மேக்கராக இருந்தேன். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கேண்டீனில் டீ போடுகிற ஆள் என்று நினைப்பவர்கள் உண்டு. என் மாமனாரே பெண் கொடுக்கும்போது அப்படித்தான் நினைத்தாராம். பிழைக்கத் தெரிந்த பையன், பின்னால் சொந்தமாகக் கடை வைத்துவிடுவான் என்று கொடுத்திருக்கிறார். பச்சை இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போகும்வரை டீ மேக்கர் பொறுப்பு. தூள் நன்றாக வந்தால் மொதலாளி வாங்கிப் போட்ட மெஷின் நல்ல மெஷின். மோசமாக வந்தால் டீ மேக்கர் மோசம். இந்த நியாயத்தின்கீழ் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் இலையை எவ்வளவு வாட்ட வேண்டும், டிரையரில் எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது லீவைப் பற்றி.

அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. இந்த வயதில் கிட்னி மாற்றுவது சரிவராது, வாரத்துக்கு இரண்டு முறை ஊட்டிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்குக் கிடைத்த நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். மொதலாளியிடம் போய் நின்றேன்.

"செவ்வா வெள்ளியுமா? அம்மன் கோயிலுக்குப் போறாப்பல இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை வெச்சுக்கச் சொல்லக் கூடாதுங்களா?"

"கிட்னிகிட்டக் கேட்டுப் பாக்கறனுங்க" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த காதர் பாய், ஃபேக்டரியின் இரண்டாவது டீ மேக்கர், கையில் இருந்த தூளை முகர்ந்தபடியே, "செவ்வா, வெள்ளி நான் பாத்துக்கறேன்" என்றார்.

"வெள்ளிக்கெழமை உங்களுக்கு ஜும்மா இருக்குமே பாய்?" என்று மொதலாளி இழுத்தார்.

"போயிட்டு வந்துருவேன். அதுக்குள்ள டிரையர் எந்திரிச்சு ஓடிப்போயிருமா?"

பேச்சு அதோடு முடிந்தது. அவர் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்று அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

2. ஆலோசகர்கள்

விசாரிக்கத்தான் ஊரே இருந்தது. வீட்டில் ஒருவருக்குக் கிட்னி போனால் ஊரில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கிட்னி நோயாளிக்கு இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். எனவே வந்தவர்கள் எல்லாரும் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு வாங்கிவந்தார்கள். தவறிப்போய்க்கூட ஒருவரும் ஒரு ஆப்பிள் வாங்கி வரவில்லை.

இதில் தலைமை டாக்டர் என் ஒன்றுவிட்ட அண்ணன் பழனிச்சாமி. ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை. வியாபாரம் இல்லாத மழைக்காலத்தில் செல்போனில் வைத்தியம் படித்தவர்.

"ஏனுங்க சித்தப்பா, இந்த மெஷின்ல ரத்தத்தச் சுத்துறதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் பொழைக்கிற வழிங்க. வாழைத்தண்டு ஜூஸ், காலையில ஒரு சொம்பு. ஒரே மாசம். கிட்னி புதுசாயிரும்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பழனிச்சாமி, உனக்கு முடி கொட்டிருச்சே, அதுக்கு அந்த போன்ல ஒண்ணுமே வரலியாடா?"

பழனிச்சாமி கொண்டுவந்த இளநீர்கள் அப்பாவின் டேலியாச் செடிகளுக்குப் போயின. லாரி ஓட்டுவதை விட்டதிலிருந்து டேலியாதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, சண்டை எல்லாம். தட்டு அகலத்துக்குப் பூக்க வைப்பார். பூவைப் பறிக்க யாராவது கை நீட்டினால் லாரி டிரைவர் பாஷையில் பேசுவார். நோய் வந்த பிறகு அதில் ஒரு சங்கடம் சேர்ந்தது. அவருக்கு நாள் முழுக்கவே ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர். குழம்பு, மோர், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். செடிக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே சொல்வார்: "குடிங்கடா. உங்களுக்கெல்லாம் எந்த டாக்டரும் வர்றதில்ல."

3. ஒரு வாய்

தண்ணீர்கூடப் பரவாயில்லை, டீ இல்லாமல்தான் அவர் தவித்தார். வேலை பார்த்த காலமெல்லாம் மேட்டுப்பாளையத்துக்குத் தேயிலை லோடு இறக்கியவர். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு டீ என்று குடித்து வளர்ந்த உடம்பு. இப்போது காலையில் அரை டம்ளர், அதோடு சரி. மகனோ தினமும் வரிசையாகக் கப் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, எச்சில் தொட்டியில் துப்புகிறவன். அதற்குத்தான் சம்பளம். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம் இல்லை.

ஒருநாள் ஊட்டியிலிருந்து திரும்பும்போது அப்பா கேட்டார். "ஏண்டா, நீ துப்பற டீயில எனக்கும் ஒரு வாய் குடேன். நானும் துப்பிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முகத்தில் சிரிப்பே இல்லை. அடுத்த முறை டயாலிசிஸ் சிஸ்டரிடம் கேட்டேன். கூடலூர்க்காரப் பெண், பேச்சில் பாதி மலையாளம்.

"துப்பினால் ஒரு குழப்பமும் இல்லா. விழுங்கினா எனக்குத் தெரியும் கேட்டோ அப்பா? இங்க வெயிட் மெஷின் உண்டு. அது பொய் சொல்லாது."

அப்படித்தான் சனிக்கிழமைதோறும் அப்பா எங்கள் டேஸ்டிங் ரூமுக்கு வர ஆரம்பித்தார். வெளுத்த வேட்டி, மேலே கோட்டு, மஃப்ளர். முதல் நாள் உறிஞ்சத் தெரியாமல் மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். நான் காட்டிக்கொடுத்தேன். காற்றோடு சேர்த்துச் சர்ரென்று இழுக்க வேண்டும், நாக்கில் சுழற்ற வேண்டும், துப்ப வேண்டும். இரண்டாவது வாயை இழுத்துச் சுழற்றியவர் கண்ணை மூடிக்கொண்டார். துப்பவில்லை. கன்னம் உப்பி இருந்தது. இங்கே விழுங்கிவிட்டால் கையைப் பிடித்துத் தடுக்கவா முடியும்?

"அப்பா, துப்புங்கப்பா."

கடைசியில் தொட்டியின் மேல் குனிந்து துப்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். "அடேங்கப்பா" என்றார். "இத்தன வருசம் நான் லாரியில கொண்டு போனது இதையாடா? நமக்குக் கடையில ஊத்துனானே, அது என்னடா?"

"அது தரையில கூட்டி அள்ளுனதுங்கப்பா."

மூன்றாவது சனிக்கிழமை மொதலாளி வந்துவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டார். "ஏனுங்க, இது டேஸ்டிங் ரூமுங்களா, டயாலிசிஸ் வார்டுங்களா? வெளியாளு பாத்தா என்ன நினைப்பான்?"

எனக்குள் இருந்த முப்பது வருஷப் பணிவு அன்றைக்கு லீவில் போயிருந்தது. "சரிங்க. இனிமே வரமாட்டாருங்க. சனிக்கெழமை நான் ஊட்டுலயே இருந்துட்டு அவரப் பாத்துக்கறேன். டேஸ்டிங்க நீங்களே பண்ணிருங்க."

மொதலாளிக்குத் தேயிலையில் தெரிந்தது விலை மட்டும்தான். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா அடுத்த கப்பை மரியாதையோடு தூக்கிக்கொண்டிருந்தார். "இருக்கட்டுமுங்க" என்றார் மொதலாளி. "பெரியவரு, பாவம். வந்துட்டுப் போகட்டும். ஆனா ஏப்ரன் போட்டுக்கச் சொல்லுங்க."

ஏப்ரனும் போட்டுவிட்டோம். வெயிட் மெஷினும் ஒருநாளும் புகார் சொல்லவில்லை.

4. ஷட்டில்

எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சாயங்காலத்தில் ஷட்டில் ஆடுவேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. டபுள்ஸில் பின்னால் நின்று பார்ட்னரைத் திட்டுகிற வகை. அப்பாவுக்கு உடம்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். நோயாளியின் மகன் எப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது: சவரம் செய்யக் கூடாது, சிரிக்கக் கூடாது, மட்டையைத் தொடவே கூடாது. நானும் ஒழுங்காகத் தாடி வளர்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஏதாவது வேணுங்களாப்பா என்று கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன்.

ஒருநாள் அவர் டிவியை அணைத்தார். "ஏண்டா, நீ எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா எனக்குப் புதுக் கிட்னி மொளைக்குமா?"

"அப்படி இல்லீங்கப்பா..."

"பின்ன என்ன? எழவு ஊட்டுல உக்காந்தாப்பல உக்காந்திருக்கிற. நான் இன்னும் சாகல. எந்திரிச்சுப் போயி ஆடு போ. தோத்துட்டு வந்து சொல்லு, கேட்டுச் சிரிக்கவாவது ஒரு வழி இருக்கும்."

என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து, "போங்க, நான் இருக்கறனல்ல" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதியை வைத்துப் பார்த்தால், என் மூஞ்சி அவளுக்கும் போதுமாகியிருந்தது.

மறுபடியும் ஆடப் போனேன். பழனிச்சாமி அண்ணன் கேள்விப்பட்டு போன் போட்டார். "அப்பன் அங்க சாகக் கெடக்கறாரு, உனக்குப் பந்தடிக்கற ஆட்டம் கேக்குதா?" பந்தல்ல, இறகு என்று திருத்தினேன். வைத்துவிட்டார். அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் ஸ்கோர் சொல்ல வேண்டும். நான் ஜெயித்த நாட்களில் அவருக்குச் சுவாரஸ்யமே இருக்காது.

5. செகண்ட் கியர்

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு என் பழைய காரில் போவோம். மலைரோட்டிலேயே வாழ்ந்த லாரி டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

"செகண்டப் போடு. கிளட்ச் மேலயே கால வெச்சுட்டு ஓட்டாத, அதென்ன உன்ற மாமனாரூட்டுச் சீதனமா? ஹார்ன் அடி. லைட்டப் போடு, மூடுபனி எறங்குதுல்ல."

திரும்பி வரும்போது இதுவெல்லாம் இருக்காது. ரத்தம் சுற்றி முடித்ததும் அவருக்குக் களைத்துவிடும், குரல் தணிந்துவிடும். அப்போதுதான் பேசுவார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் லோடு இறக்கிவிட்டு வருவார், குளிப்பார், தூங்குவார், போய்விடுவார். நான் பெரியவனானதும் ஃபேக்டரி என்னை எடுத்துக்கொண்டது. ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, உட்கார்ந்து பேசினோம் என்று சொல்ல ஒருநாளும் எனக்கு நினைவில்லை.

கட்டபெட்டு தாண்டி வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே பார்த்தபடி சொன்னார். "ஒருக்கா எனக்குப் பிரேக் போயிருச்சு. மேட்டுப்பாளையம் ரோட்டுல. ஃபுல் லோடு. பாறைச் செவுத்துல வண்டியத் தேச்சுத் தேச்சு நிறுத்துனேன். ஒரு பக்கம் பூராத் தகரம் கிழிஞ்சு போச்சு."

"எப்பங்கப்பா?"

"நீ மூணாவதோ நாலாவதோ படிச்ச. ஊட்டுக்கு வந்து சோறு கேட்டேன். உங்கம்மா கத்திரிக்கா கொழம்பு வெச்சிருந்தா."

"அம்மாகிட்டச் சொல்லவே இல்லீங்களா?"

"சொன்னா மக்யா நாளு காலையில வண்டி ஏற உட்டிருப்பாளா?" கொஞ்சம் கழித்து, "கை நடுக்கம் நிக்கவே ரெண்டு நாளாச்சு. பீடி பத்த வெக்க முடியல. உங்கம்மா குளிருன்னு நெனைச்சுட்டா" என்றார்.

நான் வண்டியை ஓரம் நிறுத்தினேன். அப்பா பயப்பட்ட கதையை முதல்முறையாகக் கேட்கிறேன்.

"ஏன் நிறுத்துன? ஏத்தத்துல நிறுத்துனா எடுக்கறப்பப் பின்னால உருளும்" என்றார். எடுக்கும்போது உருளத்தான் செய்தது. வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிக் காட்டினார்.

6. ஃப்ரீ

அடுத்த வருஷ மழைக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மல்லிகா போன் செய்தபோது நான் டிரையர் பக்கத்தில் நின்றிருந்தேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். கார் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவரேதான் ஓட்டிவந்தார்.

துக்கத்துக்கு வந்த பழனிச்சாமி அண்ணன், அந்த வாழைத்தண்டை மட்டும் குடித்திருந்தால் என்று ஆரம்பித்தார். ஆனால் முடிக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவருடைய வைத்தியம் மோசமே தவிர, பாசம் மோசமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் அவரைத் தொடர்ந்து கிண்டல் செய்ய வசதியாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் மொதலாளி ஆறுதலாகப் பேசினார். பெரியவர் நல்ல மனுஷர் என்றார். கல்யாணச் சாவு என்றார். பிறகு, "இனி செவ்வா, வெள்ளியெல்லாம் நீங்க ஃப்ரீதானுங்களே?" என்றார்.

"ஃப்ரீதானுங்க."

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு அட்டவணை போட வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம்தான் இருக்கிறது. உங்களோடு வேலை பார்ப்பவரின் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடம்பு சரியில்லை என்றால், எப்படி இருக்கிறார் என்று தினமும் கேட்டு உயிரை வாங்காதீர்கள். அவருடைய ஷிஃப்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கே அந்த நிலைமை வந்தால். தயங்காமல் லீவு கேளுங்கள். மொதலாளி முனகுவார்; முனகட்டும். நீங்கள் இல்லாவிட்டாலும் இலை வாடும், மெஷின் அரைக்கும், தூள் மூட்டையாகும். எனக்கு அது தெரிவதற்கு முப்பது வருஷ சர்வீஸும், என் அப்பாவின் இரண்டு கிட்னியும் தேவைப்பட்டன. அவருக்கு உடம்பு நன்றாக இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் பேசியே இருக்க மாட்டோம்.