“மெதுவா வா” என்று அக்காவிடம் சொன்னேன்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

அக்கா ஆந்திராவின் பிச்சாட்டூரில் பிறந்தார். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, சொந்த நிலம் கிடையாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா அம்மாவுடன் களை எடுக்கப் போனார். நான் திருப்பதியில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தது அந்தக் கூலியில்தான். விஜயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, மாமாவுடன் குத்தகைக்குப் பயிர் செய்து, கடைசியில் ஓர் ஏக்கர் சொந்தமாக வாங்கினார். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவர் அவர்தான். தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்குத் தெலுங்குச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

நான் வேலை செய்த பரிசோதனைக் கூடத்தில் ஒரு புதிய சோதனையை முயன்று பார்த்தார்கள். பெண்ணுறுப்பில் ஊறும் திரவத்தைப் பஞ்சில் எடுத்து, அதில் ஒரு நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருந்தால் அந்த நொதி கூடும். மருந்து கலந்ததும் குழாயில் நிறம் அடர்ந்துவிடும். எங்கள் குழு விஜயபுரம் போனபோது பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். அக்காதான் முதல் ஆளாகப் போனார். “என் தங்கச்சி வேல செய்ற எடம்டி, இன்னாத்துக்கு வெக்கம்?” என்று மற்றவர்களையும் இழுத்து வந்தார்.

குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. நிறம் அடர்ந்தவர்களை மேல் பரிசோதனைக்குத் திருப்பதி வரச்சொல்லிப் போன் போகும். அக்காவுக்கும் போயிற்று. அன்று மாலையே என்னை அழைத்தார்.

“இன்னாடி, ஏதோ கூடி இருக்குதாம். டாக்டரம்மா பாக்கணுமாம். பயப்படற மாதிரியா?”

“இல்லக்கா. சாதாரணப் புண்ணு இருந்தாக்கூட அது கூடும். நெறைய பேருக்கு அப்படித்தான் வருது. ஒண்ணும் இருக்காது.”

“அப்போ கடலை புடுங்கிட்டு வரட்டா? ஆளு கெடைக்கல. நானும் உங்க மாமாவும்தான் புடுங்கிகினு இருக்கோம்.”

“சரிக்கா, மெதுவா வா.”

நான் சொன்னது பொய்யல்ல. அந்தச் சோதனையின் குறையே அதுதான். ஆனால் ஒன்றும் இருக்காது என்று சொல்ல நான் யார்?

கடலைக்குப் பிறகு நடவு வந்தது. பிறகு மகளின் மஞ்சள் நீராட்டு. அக்கா வரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கடலைக் கொல்லையிலேயே ரத்தம் போய் மயங்கி விழுந்தார். சதை எடுத்துச் சோதித்த மருத்துவர், நோய் சிறுநீர்ப்பை வரை பரவிவிட்டது என்றார். “அப்பவே வந்திருந்தா?” என்று கேட்டேன். “அத இப்ப கேட்டு என்னம்மா?” என்றார் அவர்.

கதிர்வீச்சு கொடுத்த வாரங்களில் என் அறையில்தான் தங்கினார். “ரெண்டு வாய் துன்னுக்கா” என்று கெஞ்சினால், என் மனம் நோகக்கூடாதென்று சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பார். ஒருநாள் துணிந்து, “நான்தானேக்கா மெதுவா வான்னு சொன்னேன்” என்றேன். என் வாயைப் பொத்தினார். “உங்க மாமாகிட்ட சொல்லிகினு இருக்காத. அவரு தாங்கமாட்டாரு.” உன்மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு முற்பகல், மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போயிருந்த நேரத்தில், அக்காவின் உயிர் பிரிந்தது. அதற்குள் அந்தச் சோதனையையும் நம்ப முடியாது என்று நிறுத்திவிட்டிருந்தார்கள். அவருடைய குழாயில் நிறம் பார்த்துக் குறித்தவள் நானாகவே இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அழைத்த போதெல்லாம் திருப்பதிக்கு வண்டி ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், புண்ணை முகம் சுளிக்காமல் துடைத்த நர்ஸம்மாவுக்கும், நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் நெல்லை அறுத்துக் களம் சேர்த்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த வரிசையில் என் பெயரை முதலில் போடச் சொன்னார் மாமா. “நீ பாத்துக்கின மாதிரி யாரு பாத்துக்குவாங்கமா?” என்றார். நான் போடவில்லை. ஏன் என்பதை அவரும் இந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாகப் படிக்கப்போகிறார்.