பின் சக்கரத்துக் கல்

“…வாய் போட்டுச்சா, கை போட்டுச்சா? அதை மட்டும் சொல்லுங்க மாமா.”

போடிமெட்டு மலைப்பாதையில, மேகம் இறங்கி மூடியிருந்த ஒரு மத்தியானத்துல, வேனோட பின் சக்கரத்துக்கு அண்டையில கிடந்த கல்லைக் காட்டி என் வீட்டுக்காரி ராமுத்தாய் கேட்ட கேள்வி இது. அதுக்கு நான் சொன்ன பதிலையும், அப்புறம் அவ செஞ்ச காரியத்தையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. நான் அரண்டவனும் இல்ல, அது இருட்டும் இல்ல, மணி மூணுகூட ஆகல. பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா வேட்டியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போற ஆளு நான். எஸ்டேட்ல ஏலக்காய் மூட்டை ஏத்திப் போடிக்கு எறக்குறதுதான் என் பொழப்பு. அந்தப் பாதையில எத்தனையோ நாள் தனியாப் போயிருக்கேன், நரியைத் தவிர ஒண்ணையும் கண்டதில்ல.

எண்பதுகளோட ஆரம்பம்னு வச்சுக்கங்க. வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு ஒரு வேன்ல வந்து போடி பஸ்சு ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி, உள்ளயே கட்டில், உள்ளயே அடுப்பு, சன்னலுக்குத் திரைன்னு சாவகாசமா டீ போட்டுக் குடிச்சாங்க. வேடிக்கை பார்த்துட்டு வந்த ராமுத்தாய்க்கு ஒரு வாரம் அதே பேச்சு. “வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போறாக மாமா. நம்மகிட்டயுந்தான் வேன் இருக்கு. மூட்டைக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்ல.”

அவளைச் சொல்லிக் குத்தமில்ல. கெட்ட பழக்கம்னு எனக்கு ஒண்ணும் கிடையாது, ஆனா எதைக் கேட்டாலும் ‘ஆச்சு’ன்னு சொல்லிருவேன். கதவு பூட்டியாச்சா? பூட்டியாச்சு. விளக்கை அணைச்சாச்சா? அணைச்சாச்சு. போய்ப் பார்த்தா கதவு ஆன்னு திறந்து கிடக்கும். அவ அய்யா சீக்காக் கிடக்காருன்னு கேள்விப்பட்டு, நான் லோடு லோடுன்னு அலைஞ்சதால, ‘வந்து கூட்டிட்டுப் போ’ன்னு பூப்பாறையில இருக்கிற அண்ணனுக்கு அவ ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா. போட்டாச்சுன்னு சொன்னேன். பத்து நாளா அது என் சட்டைப் பையிலயே கிடந்துச்சு. மக முகத்தைப் பார்க்காமலே அவரு போய்ச் சேர்ந்துட்டாரு.

அதுக்கப்புறம் மூணு மாசம் என்கிட்ட வேண்டா வெறுப்பாத்தான் பேச்சு. அவளைக் குளிர வைக்கத்தான், அண்ணன் ஊருக்கு வேன்லயே கூட்டிட்டுப் போற இந்த ஏற்பாடே. வேனுக்குள்ள பலகை அடிச்சு, தேங்காய்நார் மெத்தை போட்டு, அவ பழைய சேலையைத் திரையாக் கட்டி, ஒரு பம்ப் ஸ்டவ்வையும் வச்சேன். கட்டில்ல ஒரு கால் குட்டையா நின்னுச்சு; சக்கரத்துக்குப் போடுற மரக்கட்டையை எடுத்து அதுக்கு முட்டுக் குடுத்துட்டேன். புத்தி மத்திமம்னா இதான். கிளம்பும்போது ராமுத்தாய் சிரிக்காம சொன்னா: “பூப்பாறை போறதுக்குள்ள ஒரு பொய் சொன்னாலும் அண்ணன் வீட்லயே எறங்கிக்கிறேன். அப்புறம் நீங்க மூட்டையோட குடும்பம் நடத்துங்க.” வாய்ப்பேச்சு இல்ல. டிரங்குப் பெட்டியில இருக்கிற சேலை மொத்தத்தையும் எடுத்து வச்சிருந்தா.

மலையடிவாரத்து முந்தல்ல டீக்கடைக்காரரு வண்டிக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, “ஐப்பசி மழையில எவன்யா பொண்டாட்டியை லோடு ஏத்திட்டுப் போறது?”ன்னாரு. “இது எறக்கவே முடியாத லோடுண்ணே”ன்னேன். திரைக்குள்ள இருந்து அவ சிரிச்சது கேட்டுச்சு. மூணு மாசத்துல முதல் சிரிப்பு.

மேல ஏற ஏறத் தூறல் பிடிச்சு, மேகம் ரோட்டுல எறங்கிருச்சு. ஒரு வளைவுல இன்ஜின் கொதிச்சு நின்னுச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது பேருக்குத்தான் பிரேக்கு. அவ தலை சுத்துதுன்னு படுத்திருந்தா. ஊத்துல தண்ணி பிடிக்க டின்னோட எறங்கினேன். உள்ள இருந்தே கேட்டா, “கல்லு போட்டீங்களா மாமா?”

ஏத்தத்துல வண்டி நின்னா பின் சக்கரத்துக்கு அண்டை குடுக்காம எந்த டிரைவரும் ஒரு எட்டு நகரமாட்டான். கட்டை கட்டிலுக்கு அடியில. கல்லைத் தேடணும்னா மழையில குனிஞ்சு நிமிரணும். என்னைக் கேக்காமலே என் வாய் சொல்லிருச்சு, “போட்டாச்சு.”

டின்னு பாதிகூட நிறையல. பின்னாடி ‘கிர்ர்’னு சக்கரம் உருளுற சத்தம். திரும்பினா வெள்ளையா மேகம், வண்டியே தெரியல. தெய்வமேன்னு ஓடினேன். ‘டொக்’குனு ஒரு சத்தம், அவ்வளவுதான், அப்புறம் அமைதி. கிட்டப் போனா வண்டி ஆறேழு அடி பின்னாடி போய் நிக்குது. பின் டயர் ஒரு கல்லுமேல பாதி ஏறி நிக்குது. அதுக்குப் பின்னாடி ரெண்டு முழம் ரோடு, அப்புறம் வெறும் பள்ளம்.

அவதான் எறங்கிப் போட்டிருக்கான்னு நினைச்சுத் திரையை விலக்கினேன். நல்லா அசந்து தூங்குறா. பாதத்துல பொட்டு சேறு இல்ல. யாராச்சும் எஸ்டேட் ஆளுங்களான்னு கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலே திரும்பி வந்துச்சு. குனிஞ்சு கல்லைத் தொட்டேன். நம்புனா நம்புங்க, ரோடு நனைஞ்சிருக்கு, டயர் நனைஞ்சிருக்கு, நான் தொப்பலா நிக்கிறேன், அந்தக் கல்லுல மட்டும் ஈரம் இல்ல. அடுப்புல இருந்து எறக்கி வச்ச மாதிரி வெதுவெதுன்னு இருக்கு.

நான் கூப்பிட்ட சத்தத்துல ராமுத்தாய் முழிச்சு எறங்கி வந்தா. கல்லைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா, கண்ணு நிறைஞ்சிருச்சு. “இன்னிக்குத்தான் மாமா உங்க வாய் சொன்னதைக் கை செஞ்சிருக்கு.” கல்யாணமான நாலு வருஷத்துல அவ என்னைப் பாராட்டின முதல் வார்த்தை அது. அவ அதோட விட்டிருந்தா போதும். ஆனா என் முகத்துல என்னத்தைக் கண்டாளோ, “ஏன் இப்படி முழிக்கிறீங்க? போட்டது வாய் போட்டுச்சா, கை போட்டுச்சா? அதை மட்டும் சொல்லுங்க மாமா”ன்னு கேட்டுட்டா.

“கை போடல புள்ள. வாய்தான் போட்டுச்சு.”

“அப்ப இதை யாரு போட்டது?”

“தெரியல.”

அவ குத்த வச்சு உட்கார்ந்து கல்லுமேல உள்ளங்கையை வச்சா. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்ல. பிறகு உள்ள போய்த் திரையை இழுத்துவிட்டுக்கிட்டா. நான் இன்ஜினை ஆத்தி, வண்டியை முன்னாடி நகர்த்தி, அந்தக் கல்லை ஓரத்துல வச்சுட்டுக் கிளம்பினேன். அந்தப் பாதையில அதுதான் வழக்கம், பின்னாடி வர்றவன் இடிச்சிரக் கூடாது. பூப்பாறை வரைக்கும் அந்தத் திரை விலகல.

என்னை இன்னிக்கும் குழப்புறது இனிமே சொல்றதுதான். அண்ணன் வீட்டு முன்னாடி, “நிறுத்துங்க”ன்னா. கொட்டோ கொட்டுனு மழை. பின்கதவைத் திறந்து எறங்கினது கேட்டுச்சு. சொன்னபடியே எறங்கிக்கிட்டா, இனி பெட்டியை இழுக்கிற சத்தம் வரும்னு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு திரும்பாம உட்கார்ந்திருந்தேன். பெட்டிச் சத்தம் வரல. பின் சக்கரத்துக்கிட்ட ‘டொக்’குனு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் முன்கதவைத் திறந்து ஏறி, என் பக்கத்துல உட்கார்ந்தா. கூந்தல் சொட்டுது, சேலை சொட்டுது. “சமதளந்தான். இருந்தாலும் கல்லு போட்டுட்டேன் மாமா”ன்னு சொல்லி என் கையைப் பிடிச்சா. அந்தக் கையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. அந்தக் கல்லு மாதிரியே வெதுவெதுன்னு இருந்துச்சு.