பூசையில் இருந்த பிளாப்பி

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பத்திரிகைக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் சரஸ்வதி பூசையன்று, கல்லூரியில் வேலை பார்க்கும் என் மருமகளின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அன்று சாயங்கால ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரை அதற்குள் இருந்தது. நல்ல நாளென்றும் பாராமல் வந்த மெக்கானிக், கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்.

"பழசுல ஒண்ணும் மிஞ்சல மதினி. நகல் எடுத்து வச்ச பிளாப்பியத் தாங்க" என்று மருமகளிடம் கேட்டார்.

பிளாப்பிகளைக் காலையில்தான் புத்தகங்களோடு பூசையில் அடுக்கியிருந்தேன்.

"நாளைக்கு மறுபூசை முடியாம தொடப்பிடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"வருசக்கணக்கா எழுதுனது மாமா" என்று மருமகள் அழுதாள்.

அவர் பேச்சை நான் தட்டியதே இல்லை. விளக்கின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டு, பிளாப்பிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஏட்டி, என்ன காரியம் செய்யுத?"

"சரஸ்வதி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

கடைசியாக அடித்த சில பக்கங்கள் தவிர மற்றதெல்லாம் திரும்பக் கிடைத்தது. மருமகள் சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டாள்.

இப்போது மருமகளை இரண்டு நகல் எடுக்கச் சொல்கிறேன். ஒன்றைத்தான் பூசையில் வைக்கிறேன். இந்த வருடம் அடுக்கும்போது, "இன்னொண்ணு வெளிய இருக்குல்லா?" என்று அவரே கேட்டார்.