தன் சொற்களில்

“உங்களைக் கேக்கலைங்க, அவங்களைக் கேட்டேன்.”

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது மனநல ஆலோசகர் இதைச் சொல்லிவிடுகிறார். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த சின்ன அறை அவருடையது. அங்கே மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களைவிட, அவர்களுக்காகப் பேச வருகிறவர்களுக்குத்தான் வாய் நீளம். மகனுக்குப் பதில் அப்பா பேசுவார். மாமியாருக்குப் பதில் மருமகள் பேசுவாள். சம்பந்தப்பட்டவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆலோசகருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பொசுக்கென்று கோபம் வருகிற பெண்மணி. இந்த வேலைக்கு அது ஆகாது என்று அவருக்கே தெரியும். அதனால் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்திக்கொள்வார். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் உறைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். புத்திமதி சொல்வது அவருக்கு அறவே பிடிக்காது. “அவங்க வாழ்க்கை. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது?” என்பார். வந்தவர் பேசாவிட்டால் அவரும் பேசாமல் இருப்பார்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இது புரிவதே இல்லை. “அரை மணி நேரமா ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கீங்க. இதுக்குப் பேரு வேலையாம்மா?”

“சும்மா உட்கார்றது எவ்வளவு கஷ்டம்னு ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க சார்.”

நேற்று முன்தினம் அந்தக் கண்காணிப்பாளரே ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கணவர் அவருக்குத் தெரிந்தவராம். மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். அது கையில் இருந்தால் நாலு வயதுக் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கணவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “ரெண்டு வரிதானே, எழுதிக் குடுத்துடுங்கம்மா” என்றுவிட்டுக் கண்காணிப்பாளர் நழுவிவிட்டார்.

ஆலோசகர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதில் ‘தன் சொற்களில்’ என்று ஒரு கட்டம். ஆலோசனைக்கு வந்தவர் மட்டுமே நிரப்ப வேண்டியது. அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. அவள் அடுப்பை அணைக்க மறக்கிறாள். அவள் காரணமில்லாமல் அழுகிறாள். அவள் தனியாகப் பேசுகிறாள். எண்ணிப் பார்த்தால் பதினொரு ‘அவள்’. ஒரு ‘நான்’கூட இல்லை.

“இதை யாரு எழுதினது?”

“நான்தாங்க. அவளுக்கு இதெல்லாம் எழுத வராது.”

அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவள்.

ஆலோசகரின் பாதங்கள் தரையில் அழுந்தின. அன்றைக்குத் தரை போதவில்லை. படிவத்தை நான்காகக் கிழித்தார்.

“நீங்க வெளியே உட்காருங்க.”

“நான் இல்லாம இவ எப்படிங்க...”

“வெளியேங்க.”

புதுப் படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் போயிருக்கும். பேனாவைத் தொடாமலே அவள் சொன்னாள்: “நான் தனியாப் பேசறது உண்மைதான் மேடம். வீட்ல வேற யாரு கேக்கறா?”

ஆலோசகர் தலையை மட்டும் அசைத்தார்.

கணவர் கதவைத் தட்டினார். “முடிஞ்சுதா? லெட்டர் ரெடியா?”

எழுந்துபோய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க ஆலோசகருக்கு நாக்கு துறுதுறுத்தது. எழவில்லை. அவளையே பார்த்தார். மறுபடியும் தட்டல். அவள் எழுந்துபோய், வெளியே கேட்கும்படி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஆலோசகர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மேஜைமேல் குப்புற வைத்தார்.