அமைச்சர் ‘புதன்கிழமை’ என்று சொன்ன நாள்

என் தம்பி ஊரில், போரின் கடைசி மாதங்களில் எறிகணை விழுந்து இறந்தான். பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட இடத்தில் இறந்தான். உத்தரவிட்டது யார் என்று தேடிப் பதினாறு வருடம் புத்தகங்களும் அறிக்கைகளும் படித்தேன். நாள்வாரியாகக் குறிப்பேடுகளில் எழுதினேன். ‘தாக்குதல் நடந்தது’ என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். நடத்தச் சொன்னவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

நான் குடியேறிய பிரெஞ்சு நகரத்தில், ரூ பஜோல் தெருக் கோயில் பிள்ளையாரிடம் ஒவ்வொரு வெள்ளியும் ஒன்றையே கேட்டேன். இப்படி உத்தரவிட்ட ஒருவராவது ‘நான்தான்’ என்று சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். பதில் இல்லை. சாப்பாடு இறங்காது. வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். போன வருடம் மாசியில் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

பங்குனியில், வீடுகளுக்குப் போய் முதியோரைப் பராமரிக்கும் என் வேலையில் புதிய வீடு ஒன்று கிடைத்தது. எண்பத்து மூன்று வயதுக்காரர். ஆபிரிக்க நாடொன்றில் எல்லைப் போர் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று அவரைக் குளிப்பாட்டி, முகத்தை வெறுப்போடு துடைத்துவிட்டேன். பிள்ளையார் என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் தன் போர்க்கால நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். நான் திகதிகளைச் சரிபார்க்கிறவன் என்று கண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தாள்களை அடுக்கச் சொன்னார். ஆற்றங்கரை நகரம் ஒன்றின் மீது ஒரு வியாழக்கிழமை எறிகணை வீசிய பகுதி வந்தது. அன்று தான் வெளிநாட்டில் இருந்ததாகவும் வெள்ளிக்கிழமையே திரும்பியதாகவும் எழுதியிருந்தார். அவருடைய பழைய கடவுச்சீட்டில் இருந்த, நாடு திரும்பிய முத்திரையோ புதன்கிழமைக்கு உரியது. நாட்காட்டியை மூன்று தரம் பார்த்தேன்.

“இஞ்சேருங்கோ, அந்தாள் எண்டைக்கு வந்தால் உங்களுக்கென்ன? உங்கடை திகதி விசரிலை இந்த வேலையும் போகப்போகுது” என்றாள் மனைவி.

“கேக்காமல் இருக்கேலாது.”

“அப்ப கோயிலுக்குப் போட்டுப் போங்கோ. வெறுங்கோபத்தோடை போகாதேங்கோ.”

திங்கட்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். குரல் உயராமல் கேட்க வேண்டும் என்று மட்டும் வேண்டினேன்.

மதியம் கடவுச்சீட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். “ஐயா, நீங்கள் புதன்கிழமை வந்திருக்கிறீர்கள்” என்றேன் பிரெஞ்சில். கண்ணாடியைப் போட்டு முத்திரையைப் பார்த்தார். என்னைப் போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“வெள்ளிக்கிழமை என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்” என்றார். “எழுதிக்கொள். புதன்கிழமை வந்தேன். மக்கள் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள், பொறுக்கலாமா என்று தளபதி இரண்டு தரம் கேட்டார். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் பட்டியல் என் மேசையில் கிடந்தது. பொறுக்க வேண்டாம் என்றேன். சொன்னது நான்தான்.”

எழுதினேன். பிறகு குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று அழுதேன். அன்று வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்டேன். மனைவி கறியும் சேர்த்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பெயரில் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். பிறந்த திகதியை வைத்துப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பார்த்திருந்தேன். ஆயிலியம்.

ஐயர் பெயரை இரண்டு தரம் கேட்டார். “ஆர் அண்ணை இது?”

“எனக்கு வேண்டிய ஆள்” என்றேன்.

தம்பியின் விஷயத்தில் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நான் பிள்ளையாரிடம் கேட்ட வார்த்தை, முன்பின் தெரியாத ஒரு நாட்டவர் வாயிலிருந்து, நான் வெறுத்துத் துடைத்த அந்த முகத்திலிருந்து வந்தது. அதற்குப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுக் களைத்துப்போய்க் கோயில் பக்கம் வராமல் இருப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வருகிற வெள்ளிக்கிழமை வாருங்கள். நானும் வருவேன்.