இழுவை இல்லாத ரம்பம்

“மிஷினு இழுக்கல.”

மாங்காட்டில் ஒரு வீட்டு வேப்பமரத்திலிருந்து இறங்கி, இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல், அந்தக் குட்டி ரம்பத்தை என் கையில் திணித்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் இதே வார்த்தைதான். மேம்பாலம் ஏறத் திணறுகிற ஆட்டோவும் இழுக்கவில்லை, உளுந்தில் மாட்டிக்கொண்ட கிரைண்டரும் இழுக்கவில்லை. என்ன கோளாறு என்று அந்த வார்த்தை சொல்லாது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க ஒரு சாக்கு கிடைக்கிறதே.

அவர் தொழில் மரம் கழிப்பது. கூரை மேல் சாய்ந்த கிளை, கரண்ட் ஒயரில் உரசுகிற கிளை, இதையெல்லாம் ஏறி அறுத்து இறக்குவார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டிரில்லிங் மிஷினில் நிற்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்குக் கீழே கயிறு பிடிப்பேன். ரம்பம் பெட்ரோலில் ஓடுவது. பெரிய ரம்பத்துக்குப் பின்பக்கம் பிடி இருக்கும், இதற்குத் தலைமேலேயே பிடி. மரத்தில் நின்றபடி உடம்போடு ஒட்டிப் பிடித்து அறுக்கலாம். வேலை முடிந்தால் இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

அது இழுக்காவிட்டால் மேலே என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கிளையை அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து ஒரே ஓட்டமாக அறுத்துவிட வேண்டும். பாதியில் ரம்பம் திணறினால் கிளை தன் கனத்திலேயே கிழிந்து, மரத்தோடு கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் பக்கமே வந்து மோதும். அன்றைக்கு மோதியது. முழங்காலில் தோல் உரிந்ததோடு தப்பித்தார்.

அவருக்கு முழங்கால் பெரிதாகப் படவில்லை, கவலை வேறாக இருந்தது. இந்தத் தொழிலில் மேலே ஏறுகிற ஆள் என்று ஒன்று, கீழே விழுந்ததை இழுத்துப் போடுகிற ஆள் என்று ஒன்று. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் ஏறுகிற ஆள். மேலே மிஷினை நம்ப முடியாவிட்டால் இனிமேல் கீழே நின்று தழை இழுக்க வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கை அகலத்து மிஷின், இது என் புருஷனைக் கீழே இறக்குமா? இதை இழுக்க வைக்காமல் விடுவதில்லை என்று வாசல்படியில் கோணியை விரித்து உட்கார்ந்தேன்.

முதலில் சங்கிலி. நல்ல பல் மரத்தைத் தேங்காய்ச் சில்லு மாதிரி சீவித் தள்ளும். மழுங்கின பல் மாவாக அரைக்கும். அவர் சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், மாவுதான் கொட்டியது. உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாக ஒரே சாய்வில் ராவினேன். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டி மேடு நிற்கிறது. அது எதற்கு என்று முதலில் விளங்கவே இல்லை. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அதுதான் என்று பிறகு புரிந்தது. பல் தேயத் தேய மேடு அப்படியே நின்றுவிடுகிறது, பல்லால் கடிக்கவே முடிவதில்லை. மேட்டைத் தட்டை அரத்தால் ஒரு மயிரளவு குறைத்தேன். அதிகம் குறைத்தால் ரம்பம் மரத்தைக் கவ்விக்கொண்டு எகிறும். தரையில் ஒரு கட்டையை வைத்து அறுத்துப் பார்த்தேன். சில்லு சில்லாகப் பறந்தது, எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அவர் குத்தம்பாக்கத்தில் ஒரு புளியமரத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். சாயந்திரம் வந்து ரம்பத்தைக் கோணி மேல் வைத்தார். பரவாயில்லை, ஆனால் இழுக்கவில்லை என்றார்.

சரி, மூச்சு விட முடியாமல் திணறுகிறதோ என்னவோ என்று சைலன்சரைக் கழற்றினேன். உள்ளே தீப்பொறி தடுக்கிற சல்லடை கரி பிடித்து அடைத்துக்கிடந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன். புகை வெளியே போகிற வாயைப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருந்தது. இவ்வளவு புகையும் இந்த ஓட்டை வழியாகவா போகிறது? மறுநாள் சைலன்சரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் என் மிஷினிலேயே வாயைப் பெரிதாக்கினேன். பிசிறெல்லாம் ராவிக் கழுவி, சல்லடையைத் திரும்ப வைத்து மாட்டினேன்.

புகை சுலபமாகப் போனால் காற்று அதிகமாக உள்ளே வரும், பெட்ரோலையும் கூட்டிவிட வேண்டும். அதற்கு கார்புரேட்டரைத் திருக வேண்டும். எனக்குப் பழக்கமில்லை என்பதால் பூந்தமல்லி மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு எங்கள் ஏரியாவில் அவர்தான் டாக்டர். அவர் ரம்பத்தை ஆசையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏர் ஸ்க்ரூவை உள்ளே ஏற்றினால் பெட்ரோல் கூடிவிடும் என்று சொல்லித் திருகினார். ஐயோ, என்ன சத்தம்! விசில் மாதிரி உச்சத்துக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பூரித்துப்போனோம். கொஞ்ச நேரத்தில் சூடேறிச் சட்டென்று நின்றது. ப்ளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் பத்தாமல் எரிந்தால்தான் அப்படி வெளுக்கும் என்று பாயே சொன்னார். கூட்டியது எப்படிக் குறைந்தது? அவர் தலையைச் சொறிந்தார், நான் விடவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து அந்த ஸ்க்ரூ உட்காருகிற துளை எங்கே போகிறது என்று இரண்டு பேரும் ஊதி ஊதிப் பார்த்தோம். பைக்கில் அந்த ஸ்க்ரூ காற்றை அடைக்கும், உள்ளே ஏற்றினால் பெட்ரோல் கூடும். ரம்பத்தில் அது பெட்ரோலையே அடைக்கிறது. ஆனால் கார்புரேட்டரில் எந்த ஸ்க்ரூ இருந்தாலும் எங்கள் ஊர் வாயில் அது ஏர் ஸ்க்ரூதான். பேரை நம்பித் திருகியதில், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிஸ்டன் பிடித்து மிஷினே காலி.

“பேர வெச்சவன் என்னிய ஏமாத்திட்டான்மா,” என்றார் பாய். சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார்.

ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருகினோம். சரியான இடம் எது என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சும்மா முழு வேகத்தில் ஓடவிட்டால் தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி கரகரவென்று கேட்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு தெளிந்து ஒரே சத்தமாகிவிட வேண்டும். அந்த இடம் கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. ப்ளக் டீ நிறத்துக்கு வந்தது. தடிக் கட்டை ஒன்றை அறுத்தேன். நான் அழுத்தவே வேண்டாம், தானாக இறங்கிக்கொண்டு போனது.

அடுத்த ஞாயிறு ஐயப்பன்தாங்கலில் ஒரு குடியிருப்புக்குள் தூங்குமூஞ்சி மரம். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் ரம்பத்தைக் கிளப்பினார், வேகம் கொடுத்தார். கரகரப்பு வரவில்லை. மறுபடி கொடுத்தார், அப்போதும் வரவில்லை. கிளையில் வைத்தார், பாதியில் திணறியது. நல்லவேளை, கனமில்லாத கிளை. இறங்கி வந்தவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், இழுக்கவில்லை, தெரியும் என்று. பெரிய கிளைகளை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம்.

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதிர்ச்சியில் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டதா? வீட்டில் கிளப்பினேன், கரகரவென்று கேட்டது. மேலே சாய்த்துப் பிடிப்பதால் பெட்ரோல் போகவில்லையா? பக்கவாட்டில் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன், அப்போதும் கேட்டது. சூட்டினாலா? கொதிக்கக் கொதிக்க ஓட்டினேன், அப்போதும் கேட்டது. டேங்க் மூடியில் காற்றுப் போகிற துளையைக்கூட ஊதிப் பார்த்துவிட்டேன். என் கையில் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்கிறது, மரத்தின் மேல் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மேலே அப்படி என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, என் வீட்டுக்காரர் இருக்கிறார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மேலே அவர் செய்வதை அப்படியே தரையில் செய்யச் சொல்லிப் பார்ப்போம் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வரத் தயங்கினார். பொடுசுகள் விளையாடுகிறார்கள், பிறகு பார்க்கலாம் என்றார். தெருவில் ஒரு பொடுசும் இல்லை. யோவ், வாய்யா என்று சத்தம் போட்ட பிறகு வந்தார். இடது கையால் முன்பிடியையும் வலது கையால் மேல்பிடியையும் பற்றி வேகம் கொடுத்தார். கரகரப்பு இல்லை. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சங்கிலியைப் பார்த்தேன், புகையைப் பார்த்தேன், கடைசியில் மேல்பிடியில் வேகம் கொடுக்கிற விசையைப் பார்த்தேன். விசை பாதியில் நின்றது.

“முழுசா அமுக்குயா.”

“அமுக்கிகினுதான் கீறேன்,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அழுத்துகிற விரலின் நுனி வெளுத்துப்போயிருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. விசைக்கும் பிடிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. நான் அவர் விரல் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். ரம்பம் கரகரவென்று முழுக்குரலில் கத்தியது.

அவர் அணைத்துவிட்டார். தெருவே அமைதியானது. இத்தனை வருஷம் மிஷின் அதிர்ந்த கை அது, விரலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்திருக்கிறது. மேலே நிற்கிற ஆளை நினைத்து நினைத்து நான் இரும்பைத் திறந்துகொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ தெனம் அத்தத் தொறந்துகினு உக்காந்தியா,” என்றார். “அப்ப மிஷினுலதான் கோளாறு போலன்னு நானும் நம்பிகினு இருந்தேம்மே.”

முந்தானையால் அவர் விரலைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். ஐயப்பன்தாங்கல் மரத்துக்கு வேறு ஆளை ஏறச் சொல்லிவிடலாம், தான் கீழே நின்று இழுத்துப் போடுகிறேன் என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி ரம்பத்தை மறுபடி கிளப்பினார்.

“இன்னொரு தபா அமுக்கும்மே,” என்றார். “இம்மாம் நாளு அது இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல.”

அவர் விரல் மேல் என் விரலை வைத்து, விசை முட்டும் வரை அழுத்தினேன்.