புழுவுக்காக வளர்த்த செடிகள்

பேருந்தின் கடைசி நீள இருக்கையில் ஆறு எண்ணெய் டின்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டு அக்காவும் நானும் நின்றுகொண்டு வந்தோம். டின்களில் செடிகள். செடிகளுக்கு மேல் பழைய வாயில் புடவையைக் கிழித்து முக்காடு போட்டிருந்தாள் அக்கா. சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி அது. ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் அவள் குனிந்து துணியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "வழியிலயே வெளிய வந்துட்டா இன்னாக்கா பண்றது?" என்று கேட்டேன். "வராது. வெயிலு ஏறுனாதான் அதுங்களுக்கு ஷிப்டு ஆரம்பம்" என்றாள். நடத்துநர் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "பெள்ளிக்கா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். கல்யாணத்துக்கா என்று. அக்கா சிரிக்காமல் ஆமாம் என்று தலையாட்டினாள்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நகரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து நான் வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கூலிக்கல்லாமல் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அக்கா நகரியில் தறிக்கார வீட்டுப் பெண். கல்யாணம் நிலைக்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளுக்கு, இரண்டு அண்ணன்களும் நான்கு விசைத்தறிகளும் இருந்த அந்த வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்த எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. தரம் பார்க்கும் பிரிவில் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் உட்கார்ந்து நாள் முழுவதும் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்ப்பதுதான் அவள் வேலை. முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பு வில்லையை ஒட்டித் தள்ளிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் வாசலைத் தாண்டாது என்று பெயர் வாங்கியிருந்தாள்.

நாங்கள் தங்கியிருந்த மூன்று மாடி ஹாஸ்டலைச் சுற்றிலும் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. புதிதாக எழும்பிய கட்டடங்களும் லாரி போகும் சாலையும்தான். சமையலறையில் காலியான எண்ணெய் டின்களை அக்கா மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தேங்காய் நாரைப் பரப்பி, ஏரி வண்டலையும் சாணி எருவையும் கலந்து நிரப்பினாள். சாதத்துக்குப் பிழிந்த எலுமிச்சையின் கொட்டைகளைத்தான் முதலில் போட்டாள். செடி முழங்கால் உயரம் வந்தபோது ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து நானும் அவளோடு மாடிக்குப் போனேன். இலை மேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. சுண்டிவிடக் கையை நீட்டினேன். கையிலேயே ஓர் அடி விழுந்தது. "எச்சத்துக்குத் தலை கீது பாருடி" என்றாள்.

பார்த்தேன். தலை இருந்தது. அது இலையைத் தின்றுகொண்டும் இருந்தது. சில நாளில் அந்த எச்சம் பச்சைப் புழுவாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டி எலுமிச்சை நாற்றம் அடித்தது. அடுத்த வாரம் குச்சியில் சாய்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழையைக் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. அக்கா அந்த இழையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "நானும் பொறந்ததுலருந்து நூலு பாத்துக்கினுதான் கீறேன். இவ்ளோ மெலிசா எந்த மில்லுலயும் வரல" என்றாள். கூடு திறந்து, கறுப்பில் மஞ்சள் தெளித்த பட்டாம்பூச்சி வந்த அன்று கம்பெனியில் முதல்முறையாகத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள்.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. குண்டூசித் தலையளவு முட்டை எந்த இலையின் அடியில் இருந்தாலும் கண்டுபிடித்தாள். எலுமிச்சைக்கு வருவது கறிவேப்பிலைக்கும் வருகிறது, எருக்குக்கு வருவது வேறு சாதி, ரணகள்ளிக்கு வருவது இன்னும் சின்னது என்று ஒவ்வொன்றாக அவளே தெரிந்துகொண்டாள். சாலையோரம் யாரும் சீண்டாத எருக்கைப் பிடுங்கி வந்து டின்னில் வைத்தபோது ஹாஸ்டலே சிரித்தது. இட்லிப்பூவும் உன்னிப்பூவும் மட்டும் போதாதா என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "பூ வச்சா வந்து குடிச்சிட்டுப் பூடும். இலை வச்சாதான் இங்கியே குடும்பம் நடத்தும்." புழுவைக் கண்டு அலறி ஓடிய பெண்கள்கூட, ஷிப்டு விட்டு வந்ததும் முகம் கழுவாமல் மாடிக்கு ஏறத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு டின்கள் சேர்ந்தன.

அப்போதுதான் கட்டடத்துக்காரர் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. மாடியில் செல்போன் டவர் வைக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். "மாசக் கடைசிக்குள்ள மேல சுத்தமா காலியாவணும்மா. செடிய நான் வேணாம்னு சொல்லல, எடம் இல்ல" என்றார். தொட்டிகளைக் கீழே வைக்கவும் இடமில்லை. வாசற்படியை ஒட்டிச் சாலை. அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கம்பெனியில் டிபன் சுற்றி வந்த தெலுங்குப் பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் மலர்க் கண்காட்சி, தொட்டிச் செடிகளுக்குத் தனிப் போட்டி. "பரிசு கெடக்கட்டும். நாலு பேரு கண்ணுல பட்டா, யாராவது ஒருத்தர் இதுங்களுக்கு எடம் குடுப்பாங்க" என்றாள். இருந்த கூடுகளில் எவை ஞாயிற்றுக்கிழமை திறக்கும் என்று நாள் எண்ணினாள். சனிக்கிழமை மாலை அவை கறுத்து, உள்ளே மடிந்திருந்த இறக்கையின் நிறம் தோலுக்குள் தெரிந்தது. அந்த டின்கள் மூன்றையும் பூச்செடிகள் மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் பேருந்து ஏறியிருந்தோம்.

மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்த மேசை ரோஜாக்களுக்கும் டேலியாக்களுக்கும் நடுவில் இருந்தது. எல்லாம் வழவழப்பான பீங்கான் தொட்டிகள். எங்கள் டின்களில் எண்ணெய் கம்பெனியின் படம் பாதி உரிந்திருந்தது. முக்காட்டை எடுத்ததும் பக்கத்து மேசைக்காரர் தன் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். எலுமிச்சையில் இலை நரம்புதான் மிச்சம். எருக்கு மொட்டைக் கம்பாக நின்றது. மதிப்பெண் போடுகிற பெரியவர் அட்டையும் பேனாவுமாக வந்தார். "ஏம்மா, ஆகுலன்னீ புருகுலு தினேசாயி கதா?" என்றார். இலையெல்லாம் புழு தின்றுவிட்டதே என்று அவர் கேட்டதில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு முகம் எரிந்தது. அக்கா மட்டும் நிமிர்ந்தே நின்றாள். "ஆமா சார், துன்னுச்சுங்க. அதுக்குத்தான் வளத்தேன்" என்று தமிழில் சொன்னாள். பிறகு தெலுங்கில், அரை மணி நேரம் கழித்து ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள். அவர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். இலைக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டதை நான் பார்த்தேன்.

வெயில் பந்தலின் ஓரத்தைத் தாண்டி எங்கள் மேசைக்கு வந்தது. முதலில் எருக்கில் தொங்கிய கூடு வெடித்தது. கசங்கிய காகிதம் போல ஒன்று வெளியே வந்து கம்பைப் பற்றிக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி "அம்மா!" என்று கத்தினாள். அந்த ஒரு சத்தத்துக்கு மூன்று மேசைக் கூட்டம் திரும்பியது. கசங்கல் மெல்ல மெல்ல நீவிவிட்டதுபோல் விரிந்து ஆரஞ்சு இறக்கையானது. எலுமிச்சையில் ஒன்று, கறிவேப்பிலையில் இரண்டு, மீண்டும் எலுமிச்சையில் ஒன்று. ரோஜா மேசைக்காரர் தன் தொட்டிகளை மறந்துவிட்டு எங்கள் பக்கம் எக்கிப் பார்த்தார். அக்கா கையை நீட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினாள். "யாரும் தொடாதீங்கோ. இறக்கை காயணும். ஒரு மணி நேரம் ஆவும்." கம்பெனியில் யாரிடமும் உரக்கப் பேசாதவள், நூறு பேரை ஒரு மணி நேரம் நிற்க வைத்தாள். முதல் பட்டாம்பூச்சி எழும்பி எங்கள் உன்னிப்பூவில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே பறந்தபோது எழுந்த கைதட்டலைக் கேட்டு, மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மதிப்பெண் பெரியவர் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறிவேப்பிலை டின்னுக்கு முன் உட்கார்ந்திருந்தார். "இதற்கு என் அட்டையில் கட்டமே இல்லையம்மா" என்றார் தெலுங்கில்.

பரிசு ரோஜாவுக்குத்தான் போனது. ஆனால் கூட்டம் கலைந்ததும் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை எங்களிடம் வந்தார். "இந்த ஆறு டின்னையும் எங்க பள்ளிக்கூடத்துக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விளக்கின் கீழ் தகடு வைத்துப் பார்க்கிற பார்வை. "புழுவைக் கண்டா மருந்தடிக்க மாட்டீங்களே?" மாட்டோம் என்றார். "அப்ப ஆறு இல்ல மேடம், இருபத்திரண்டு கீது." மாசக் கடைசிக்கு நான்கு நாள் முன்பே பள்ளிக்கூட வேன் எங்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தது. கட்டடத்துக்காரரே படிக்கட்டில் நின்று டின்களைக் கைமாற்றி இறக்கிக் கொடுத்தார். இரவு ஷிப்டு முடித்துத் தூங்க வேண்டிய பெண்கள்கூட வரிசையில் நின்றார்கள். வேன் திரும்பி மறைந்த பிறகுதான் அக்கா அழுதாள். அது வருத்தமில்லை என்று அவளே சொன்னாள்.

வார விடுப்பு நாளில் அந்தப் பள்ளிக்குப் போய்வந்தவளை, தங்களுக்கும் அப்படி ஒரு தோட்டம் வைத்துத் தர இன்னொரு பள்ளி கூப்பிட்டது, பிறகு ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு வருடத்தில் கம்பெனி வேலையை விட்டாள். நான் கல்யாணமாகிப் பலமனேர் வந்து பல வருடமாகிறது. சென்ற மாதம் நகரிக்குப் போனபோது ஊருக்கு வெளியே அவள் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தைப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தொட்டிகள். அண்ணன் வீட்டில் பாய் விரிக்க இடமில்லாதவளிடம் இன்று அதே அண்ணன் மகள்கள் இருவர் வேலை செய்கிறார்கள். சென்னை, பெங்களூர் அடுக்கு மாடி பால்கனிகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் செடிகள் போகின்றன.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையிலிருந்து ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம் செடி குடுத்தீங்க? மூணே வாரம். எல்லாத்தையும் புழு சாப்பிட்டுடுச்சு!"

"எல்லாத்தையுமா சார்? ஒரு இலைகூட பாக்கி இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அட, மொதல் தபாவே உங்களுக்கு வந்துடுச்சே சார்! எங்கிட்ட செடி வாங்குன பாதிப் பேரு இன்னும் காத்துக்கினு கீறாங்கோ. மருந்து கிருந்து அடிச்சிடாதீங்கோ. குச்சியில பச்சையா எதுனா ஒட்டிக்கினு கீதா, கிட்டப் போயி பாருங்கோ."

எதிர்முனையில் பால்கனிக் கதவு திறக்கும் ஒலி கேட்டது. பிறகு அந்த மனிதர், போனில் நாங்கள் இருப்பதையே மறந்தவராக, வேறு குரலில் யாரையோ கூப்பிட்டார்.

"பாப்பா, சீக்கிரம் இங்க வா. சத்தம் போடாம வா."